சுக்கான், சாகாடு, சர்க்கார்: ஆள்வதைக் குறிக்கும் சொற்கள்

‘கவர்ன்மெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு விளக்கம் சில காலமாகப் பரவி வருகிறது. ‘கவர்ன்’ என்றால் அடக்கு. ‘மெண்ட்’ என்பது மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் திரிபு. ஆகவே அதன் உண்மைப் பொருள் மனத்தை அடக்குதல் என்கிறது அவ்விளக்கம். ஆள்வோர் மீது நம்பிக்கை இழந்தவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகிறது. மறைத்து வைத்த உண்மை சொல்லுக்குள்ளிருந்தே வெளிப்பட்டது போல் இருக்கிறது. ஆனால் விளக்கம் தவறு. இலத்தீனில் ‘-மெண்டும்’ என்பது வினையோடு சேர்ந்து அவ்வினையின் கருவியை அல்லது விளைவைக் குறிக்கும் விகுதி. தமிழில் ‘ஆள்’ என்ற வினையிலிருந்து ‘ஆட்சி’ பிறக்க உதவும் விகுதியைப் போன்றது அது. டாக்குமெண்ட், மானுமெண்ட், சிமெண்ட் ஆகியவையும் அதே விகுதி பெற்றவைதாம். அவற்றில் எதிலும் மனத்துக்கு இடமில்லை. பிரெஞ்சு மொழியின் வினையடைகளில் வரும் ஒரு விகுதி மட்டும் ‘மென்ஸ்’ வழி வந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் குழப்பத்துக்கு இடம் உண்டாகிறது. இந்தப் பொய் வேரை மறுப்பதோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. அது மறைத்துவிடும் மெய்யான வேர் அதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியைக் கொண்டிருக்கிறது: ஆள்வது என்பது ஒரு பணியா, ஓர் உடைமையா?

கிரேக்க மொழியில் ‘குபெர்னாவோ’ என்றால் கப்பலைச் செலுத்துதல். ‘குபெர்னேத்தெஸ்’ என்றால் சுக்கான் பிடிப்பவன். ரோமர் இச்சொல்லை வாங்கி, முதல் ஒலியைச் சற்றே மாற்றி ‘குபெர்னாரே’ என்றாக்கினர். சிசரோ குடியரசை நடத்துவதைப் பற்றிப் பேசும்போது சுக்கானைக் குறிக்கும் சொல்லையே உவமையாகக் கையாள்கிறார். அங்கிருந்து பழைய பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம். கடலை விட்டுக் கரையேறிய பிறகும் செலுத்துதல் என்ற கருத்து அச்சொல்லை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக வைத்திருக்கப் பொருத்திய கருவிக்கும் ‘கவர்னர்’ என்றே பெயர். 1948இல் நார்பர்ட் வீனர் தம் புதிய அறிவியலுக்கு ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயரிட்டபோது அதே கிரேக்கச் சுக்கான்காரனைத்தான் திரும்ப அழைத்தார். ஆக, இச்சொல்லின் தொடக்கத்தில் இருப்பது அரண்மனையும் அல்ல, சிறைச்சாலையும் அல்ல. காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்தபடி ஒரு கலத்தைத் திசை தவறாமல் கொண்டுபோகும் கைத்திறன் இருக்கிறது.

இந்த உவமையை அரசியல் சிந்தனையின் நடுவில் நிறுத்தியவர் பிளேட்டோ. ‘குடியரசு’ நூலின் ஆறாம் பகுதியில் ஒரு கப்பல் வருகிறது. கப்பலின் உடைமையாளன் உடல்வலிமை மிக்கவன். ஆனால் காது கொஞ்சம் மந்தம், பார்வையும் குறைவு, கடலறிவும் அவ்வளவே. மாலுமிகள் சுக்கானைத் தமக்குத் தரச் சொல்லி அவனை மொய்த்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள். விண்மீனையும் பருவத்தையும் அறிந்த உண்மையான மீகாமனை வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்று ஏளனம் செய்கிறார்கள். பிளேட்டோவின் நோக்கம் மக்களாட்சியைப் பழிப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் வரைந்த படத்தில் அவருடைய நோக்கத்தையும் மீறிய ஒன்று இருக்கிறது. கப்பலின் உடைமையாளன் வேறு, சுக்கான் பிடிப்பவன் வேறு. அந்த உடைமையாளன் மக்களைக் குறிக்கிறான் என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் விளக்கம். அவன் செவிடனாக இருக்கலாம், அறியாதவனாக இருக்கலாம், கப்பல் அவனுடையது. எவ்வளவு தேர்ந்த மீகாமனும் சுக்கானைப் பிடித்துவிட்டதால் கப்பலுக்குச் சொந்தக்காரனாகிவிடுவதில்லை. ‘கவர்ன்மெண்ட்’ என்ற சொல்லின் வேர் நமக்குத் தரும் மிக முக்கியமான செய்தி இதுதான் என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் செயலைத்தான் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் ஒருவர் நாட்டை நடத்துவதும், வீட்டை நடத்துவதும், தம் நடத்தையைக் கட்டுக்குள் வைப்பதும் ஒரே சொல்லால் பேசப்பட்டன. பிள்ளைகளை வளர்த்துப் பயிற்றும் பெண்ணுக்குக் ‘கவர்னஸ்’ என்ற பெயர் அந்த வழியில் வந்தது. மிஷேல் ஃபூக்கோ 1970களின் இறுதியில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்தப் பரப்பை விரிவாக ஆராய்ந்தார். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குழந்தைகளை, ஆன்மாக்களை, குடும்பங்களை, நோயாளிகளை ஆள்வது எப்படி என்ற கேள்விகள் எல்லாம் நாட்டை ஆள்வது எப்படி என்ற கேள்வியோடு ஒரே வரிசையில் நின்றதை அவர் காட்டினார். பிறகு சொல் மெல்ல இறுகுகிறது. செயலின் பெயர் முறையின் பெயராகி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுகின்ற குழுவின் பெயராகவே ஊன்றி நிற்கிறது. இந்த இறுக்கம் எவ்வளவு முழுமையானது என்பதற்கு இன்னொரு சொல்லே சான்று. இடைக்கால ஆங்கிலத்தில் வழங்கிப் பின்னர் மங்கிப்போன ‘கவர்னன்ஸ்’ என்ற சொல் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீண்டும் எழுந்து வந்தது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய உலக வங்கியின் 1989ஆம் ஆண்டு அறிக்கை அதைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. ‘கவர்ன்மெண்ட்’ என்பது கட்டடமும் ஆட்களும் கோப்பும் ஆகிவிட்டதால், ஆளும் செயலைச் சுட்ட வேறொரு சொல் தேவைப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். சொல்லின் வேர் எதுவாக இருந்தால் என்ன? இன்று அது எப்படி வழங்குகிறதோ அதுவே பொருள். வேரைத் தோண்டி எடுத்து அதுதான் உண்மைப் பொருள் என்று சொல்வது, மனத்தை அடக்குதல் என்று விளக்கியவர்களின் அதே பிழையல்லவா? மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு சொல் ஏன் இந்தப் பொருளைக் குறிக்கிறது என்பதற்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். வேர் பொருளைத் தீர்மானிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சொல் எதிலிருந்து புறப்பட்டு எதை நோக்கி நகர்ந்தது என்ற பாதை அதைப் பேசியவர்களின் வாழ்க்கையைப் பற்றிய சான்று. நாணயத்தின் தேய்மானத்தைக் கொண்டு அது எத்தனை கைகளில் புழங்கியது என்று கணிப்பது போன்றது இது. அந்த அளவில் மட்டும் சொற்களைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

அப்படித் தமிழ்ச் சொற்களை அழைத்தால் அவை வேறொரு கதையைச் சொல்கின்றன. தமிழில் தொடக்கத்தில் நிற்பது செயல் அன்று, ஆள். கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார்மலையின் தமிழிக் கல்வெட்டுகள் சேரர் மூன்று தலைமுறையைக் ‘கோ’ என்றும் ‘கோன்’ என்றும் குறிக்கின்றன. கோ, வேந்து, அரசு, இறை என எதை எடுத்தாலும் அது முதலில் ஒரு மனிதனையோ அவனுடைய தகுதியையோ சுட்டுகிறது. ‘அரசு’ என்ற சொல்லே பழம்பாடல்களில் அரசனைக் குறித்து நிற்பதைக் காணலாம். அது வடமொழி ராஜன் என்பதிலிருந்து, ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வாராததால் அகரம் பெற்று வந்தது என்பார் ஒருசாரார். தேவநேயப் பாவாணர் போன்றோர் அதைத் தமிழ் வேரிலிருந்தே பெறுவர். என் வாதத்துக்கு அந்த வழக்கு முடிய வேண்டியதில்லை. இரண்டு வழியிலும் அது ஆளின் பெயர்தான். ‘இறை’ இன்னும் ஆழமானது. அரசனும் இறை, கடவுளும் இறை, குடிகள் செலுத்தும் வரியும் இறை. வரியைக் குறிக்கும் இறை ‘இறு’ என்ற செலுத்துதல் வினையோடு உறவுடையது. தலைவனைக் குறிக்கும் சொல்லின் வேர் தனியாக இருக்கலாம். ஆனால் வரி நீக்கப்பட்ட நிலத்தை ‘இறையிலி’ என்று கல்வெட்டில் எழுதிய காலத்தில், கொடுப்பதற்கும் கொடுக்கப்படுபவனுக்கும் ஒரே பெயர் என்பது கேட்டவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

‘ஆட்சி’ மட்டும் வினையிலிருந்து பிறந்தது. அப்படியானால் அது சுக்கானுக்கு நெருக்கமான சொல்லா? விரைந்து ஆம் என்று சொல்லிவிட முடியாது. ‘ஆள்’ என்ற வினை செலுத்துவதைக் காட்டிலும் வைத்துக்கொள்வதையும் பயன்படுத்துவதையுமே முதன்மையாகக் குறித்தது. ஒரு சொல்லைப் பயன்படுத்துவது சொல்லாட்சி. ஒரு கருவியைப் பயன்படுத்துவது கையாள்வது. அடிமையை வைத்திருந்தவன் ஆண்டான். இதற்கு மிகத் தெளிவான சான்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தில் இருக்கிறது. சுந்தரர் தமக்கு வழியடிமை என்று முதியவர் வழக்காடும்போது, அவையினர் மூன்று வகைச் சான்றுகளைக் கருதுகிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. இங்கே ஆட்சி என்பது நாடாள்வதல்ல. நெடுங்காலமாக வழங்கி வரும் அனுபவ உரிமை. இன்றைய வழக்கறிஞர் அனுபோக பாத்தியதை என்று சொல்வதற்கு அருகில் நிற்கும் சொல் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் மன்னர் ‘உடையார் ஸ்ரீராஜராஜதேவர்’. கோயிலின் இறைவன் ‘ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்’. உடைமை என்ற ஒரே சொல் அரியணைக்கும் கருவறைக்கும் பொதுவாக இருந்தது. கிரேக்கர் கப்பலையும் மீகாமனையும் பிரித்த இடத்தில், நம் முன்னோரின் வழக்கு நாட்டையும் அதை வைத்திருப்பவனையும் சேர்த்தே பேசியது.

சேர்த்துப் பேசியது என்பதற்காக வேறுவிதமாக நினைக்கவே இல்லை என்று முடிவுகட்டினால் அது பெரும் தவறு. புறநானூற்றின் 185ஆம் பாட்டைத் தொண்டைமான் இளந்திரையன் பாடியிருக்கிறார். பாடியவர் தாமே ஆண்டவர் என்பதை மறக்கக் கூடாது. அதில் ஆட்சி ஒரு வண்டி. ‘சாகாடு’ என்பது அவர் ஆளும் சொல். ஓட்டுபவன் திறமுடையவனானால் அது இடையூறின்றி வழியில் செல்லும். அறியாதவனானால் பகை என்னும் அடர்ந்த சேற்றில் ஆழ்ந்து நாளும் துன்பம் தரும். கிரேக்கனின் கலம் கடலில் போகிறது. தமிழனின் வண்டி சேற்றுவழியில் போகிறது. இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: செலுத்துபவனுக்குச் செலுத்தத் தெரியுமா? வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் அதே சாகாட்டை எடுத்து, மென்மையான மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். பிறந்த குடியை ஆளும் தன்மையை அவர் ‘இல்லாண்மை’ என்று அழைப்பதும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் போலவே இங்கும் வீட்டை நடத்துவதற்கும் நாட்டை நடத்துவதற்கும் ஒரு சொல் போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் இறைமாட்சி அதிகாரத்தின் முதற்குறளில் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்ற ஆறும் அரசன் உடையவையாக வருகின்றன. அர்த்தசாஸ்திரம் கூறும் ஏழு உறுப்புகளில் அரசனும் ஓர் உறுப்பு. குறளில் அவன் உறுப்புகளை உடையவன். குடி, அதாவது மக்கள், உடைமைப் பட்டியலில் இரண்டாவதாக நிற்கிறது. செலுத்தும் பணி என்ற எண்ணம் உவமையில் வாழ்ந்தது. உடைமை என்ற எண்ணம் சொல்லமைப்பிலேயே வாழ்ந்தது.

உத்திரமேரூரை நினைவூட்டி இதை மறுக்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த விதிகளைச் சொல்கின்றன. வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், ஓராண்டே பொறுப்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இங்கே ஆள்வது தெளிவாகவே பணி. அதுவும் தவணை வைத்த பணி. மறுப்பின் வலிமையை ஏற்கிறேன். அதே கல்வெட்டு கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் கேட்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அது ஒரு பிரமதேய ஊரின் உடைமையாளர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆயினும் அங்கே பிறந்த சொற்களுக்கு நீண்ட ஆயுள் இருந்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பத்தாம் நூற்றாண்டில் எழுதிய சொல்தான் இன்று மின்சார வாரியத்திலும் வீட்டுவசதி வாரியத்திலும் இருக்கிறது. சோழர் காலப் ‘புரவுவரித் திணைக்களம்’ தமிழகத்தில் மறைந்து ‘துறை’க்கு வழிவிட்டது, இலங்கையில் கல்வித் திணைக்களம், சுகாதாரத் திணைக்களம் என்று இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. அரசனைக் குறித்த சொற்களைக் காட்டிலும் பணியைக் குறித்த சொற்களுக்கு உயிர் கெட்டியாக இருந்திருக்கிறது என்பதைக் காணும்போது மனம் நிறைகிறது.

பிறகு வந்தது சர்க்கார். பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை, ‘கார்’ என்றால் வேலை. வேலைக்குத் தலைவன் என்ற பொருளில் தொடங்கி, முகலாயர் நிர்வாகத்தில் சுபாவுக்குக் கீழும் பர்கானாவுக்கு மேலும் உள்ள நிலப்பிரிவின் பெயராகியது. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த கிழக்குக் கரைப் பகுதி ‘வட சர்க்கார்கள்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்று, பிறகு சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஆளின் பெயர், நிலத்தின் பெயர், அதிகாரத்தின் பெயர் மூன்றும் ஒன்றில் கலந்தன. இந்தச் சொல் தனியாக வரவில்லை. தாசில்தார், ஜமாபந்தி, பசலி, கிஸ்தி, வசூல், பாக்கி, ஜப்தி என்று ஒரு பட்டாளத்தோடு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை வரி தண்டுவதைப் பற்றியவை என்பது தற்செயல் அன்று. ‘இறை’ போன இடத்தில் ‘சர்க்கார்’ வந்து அமர்ந்தது. அமர்ந்த இருக்கை அதேதான். கோவைக்கு அருகே சர்க்கார் சாமக்குளம், திருப்பூருக்கு அருகே சர்க்கார் பெரியபாளையம் என்று ஊர்ப்பெயர்களிலும் அது பதிந்துவிட்டது.

கம்பெனி போய் 1858இல் பிரிட்டிஷ் மகுடம் வந்தபோது, உடைமை என்ற எண்ணம் சட்டத்தின் மொழியாகவே எழுதப்பட்டது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுச்சாலைகள், தெருக்கள், ஆறுகள், ஏரிகள், வேறெவருக்கும் உரிமையென நிறுவப்படாத நிலங்கள் ஆகியவற்றை அரசாங்கத்தின் சொத்து என்று அறிவித்தது. எல்லோரும் நடக்கும் சாலைக்கும் எல்லோரும் நீரெடுக்கும் ஏரிக்கும் ஒரு சொந்தக்காரர் எழுத்தில் வந்துவிட்டார். சர்க்கார் புறம்போக்கு என்ற சொல்லை நம் கிராமங்கள் இன்றும் அந்தப் பொருளில்தான் சொல்கின்றன. ஐரோப்பாவில் சுக்கான்காரனாகப் புறப்பட்ட ‘கவர்ன்மெண்ட்’, காலனி நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது கப்பலின் உரிமையாளனாக இறங்கியது. இந்த மாற்றத்தை நான் சிறியதாக எண்ணவில்லை. பிரிட்டனின் நாடாளுமன்றத்தில் 1826இலேயே மன்னரின் எதிர்க்கட்சி என்ற தொடர் பிறந்துவிட்டது. ஆளும் அமைச்சர்களை எதிர்ப்பது மகுடத்தை எதிர்ப்பதாகாது என்பதை அவர்கள் தம் நாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவைச் சேர்த்து, சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தின் மீது அன்பின்மையைத் தூண்டுவதைக் குற்றமாக்கினார்கள். 1897இல் திலகரின் வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி அந்தச் சொல்லுக்கு அன்பு இல்லாமையே போதும் என்கிற அளவுக்குப் பொருள் விரித்தார். 1908இல் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைந்தது. மீகாமன் கப்பலைத் தனதென்று சொல்லத் தொடங்கிவிட்டால், அவன் செலுத்தும் முறையைக் குறை சொல்வது கப்பலை மூழ்கடிப்பதாகவே எண்ணப்படும்.

குடியரசு பிறந்தபோது சொற்களும் மாறின. ‘குடியரசு’ என்ற சொல்லையே பாருங்கள். குறளின் உடைமைப் பட்டியலில் இரண்டாவதாக நின்ற குடி, அரசு என்பதற்கு முன்னால் வந்து நின்று அதன் உரிமையாளராகிவிட்டது. 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியார் தம் வார இதழை அந்தப் பெயரில் தொடங்கியபோது, அது இந்தியா அடையாத ஒரு நிலையின் பெயர். கால் நூற்றாண்டு கழித்து அது அரசமைப்பின் சொல்லாயிற்று. சர்க்கார் மெல்ல விலகி, ‘அரசாங்கம்’, ‘அரசு’ என்ற சொற்கள் கோப்புகளிலும் பலகைகளிலும் ஏறின. மலையாளமும் கன்னடமும் இந்தியும் சர்க்காரை வைத்துக்கொண்டன. தெலுங்கு பிரபுத்துவம் என்றது. தமிழ் தன் பழைய அரசுக்குத் திரும்பியது. திரும்பியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. நிலையாக இருக்கும் நாட்டின் அமைப்பையும், ஐந்தாண்டுக்கு அதை நடத்த வரும் அமைச்சரவையையும் நாம் ‘அரசு’ என்ற ஒரே சொல்லால் அழைக்கப் பழகிவிட்டோம். 2021இல் மத்திய அரசா, ஒன்றிய அரசா என்று தமிழகத்தில் பெரிய விவாதம் நடந்தது. மாநிலங்களின் ஒன்றியம் என்ற அரசமைப்பின் முதல் உறுப்பை எல்லோரும் நினைவுபடுத்திக்கொள்ள அது உதவியது. ஆனால் விவாதம் முழுவதும் அடைமொழியைப் பற்றியதாகவே இருந்தது. அதற்குப் பின்னால் நிற்கும் பெயர்ச்சொல் எதைக் குறிக்கிறது என்று யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை மக்களின் பேச்சிலேயே இருந்திருக்கும். அரசுப் பேருந்து, அரசுப் பள்ளி, அரசு வேலை என்கிறோம். இவை யார் வந்தாலும் போனாலும் இருப்பவை. ஆட்சி மாற்றம், ஆட்சிக் கலைப்பு, யாருடைய ஆட்சியில் என்று கேட்கிறோம். இவை வருவதும் போவதுமானவை. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டது. மறுநாளும் அரசுப் பேருந்துகள் ஓடின. சேக்கிழார் காலத்தில் நிலைத்த அனுபவ உரிமையைக் குறித்த ‘ஆட்சி’, இன்று நிலையாமையைக் குறிக்கும் சொல்லாகியிருக்கிறது. இதைத் தேர்தல்கள் செய்த வேலை என்றே நான் கொள்கிறேன். இலக்கணமும் துணைநிற்கிறது. ஆண்ட கட்சி, ஆளும் கட்சி என்று அந்த வினை எச்சமாகும்போது காலத்தைக் காட்டுகிறது. ‘அரசு’ பெயர்ச்சொல், அதற்குக் காலம் இல்லை. நாளிதழ்கள் ‘அரசு கவிழ்ந்தது’ என்றும்தான் எழுதுகின்றன, ஆகவே இப்படி ஒரு வேறுபாடே இல்லை என்று ஒருவர் சொல்லலாம். வேறுபாடு கட்டுக்கோப்பானது அல்ல என்பது சரி. ஆனால் ஒருதிசையில் மட்டுமே அது உடைகிறது: ஆட்சியை அரசு என்று சொல்லிவிடுகிறார்கள், அரசுப் பள்ளியை ஆட்சிப் பள்ளி என்று ஒருவரும் சொல்வதில்லை. நிலையற்றது நிலையானதன் பெயரை எடுத்துக்கொள்கிறது. ஆள்வோருக்கு அந்தக் கலப்பு வசதியானது. மக்கள் தம் வரிப்பணத்தில் வந்த சாலையையும் மருந்தையும் யாரோ கொடுத்ததாகப் பேச நேர்வது அதன் விளைவுகளில் ஒன்று.

இது மேலை நாட்டு அரசியல் கோட்பாட்டை நம் தலையில் ஏற்றும் நுணுக்கம் என்று தோன்றினால், நம் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை எதிர்கொண்ட நாளைப் பார்க்கலாம். பீகாரைச் சேர்ந்த கேதார்நாத் சிங் ஆளும் காங்கிரஸைக் கடுமையாகச் சாடிப் பேசியதற்காக 124ஏ பிரிவில் தண்டிக்கப்பட்டார். 1962இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பிரிவைச் செல்லும் என்றது. அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பில், சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம் என்பது அந்த நேரத்தில் நிர்வாகத்தை நடத்திக்கொண்டிருக்கும் ஆட்களிலிருந்து வேறுபட்டது என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. வன்முறையையோ பொது அமைதியின் குலைவையோ தூண்டும் பேச்சு மட்டுமே குற்றம் என்று பிரிவைக் குறுக்கியது. ஒரு சொல்லின் இரு பொருள்களைப் பிரித்ததில் பேச்சுரிமையின் எல்லை தீர்மானிக்கப்பட்டது. அந்தப் பிரிப்பு நீதிமன்றத்துக்கு வெளியே போதிய அளவு போய்ச் சேராததால், அதற்குப் பிறகும் ஆள்வோரை விமர்சித்தவர்கள் மீது அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்கும் வரை இந்நிலை நீடித்தது.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. சுக்கான் உவமையை ஏன் இவ்வளவு உயர்த்த வேண்டும்? பயணிகள் வாக்களித்து மீகாமனைத் தேர்வதில்லை. திறமை உள்ளவன் ஓட்டட்டும், மற்றவர் வாய்மூடி இருக்கட்டும் என்பதுதானே அதன் உட்பொருள்? பிளேட்டோ சொன்னதும் அதைத்தான். திறமையின் பெயரால் மக்களை ஒதுக்கும் வாதங்கள் இன்றும் அந்த வழியில் வருவதை மறுக்க முடியாது. என் விடை இது: எப்படிச் செலுத்துவது என்பது மீகாமனின் அறிவு, எந்தத் துறைமுகத்துக்கு என்பது அவன் அறிவுக்குள் அடங்காது. அது கப்பலை உடையவர்கள் முடிவுசெய்ய வேண்டியது. பிளேட்டோ உடைமையாளனின் காது மந்தம் என்று குறை சொன்னார். கல்வியும் நாளிதழும் வாக்கும் தகவல் பெறும் உரிமையும் அந்தக் காதைத் திறக்கவே இருக்கின்றன. செலுத்துபவன் உடையவன் அல்லன் என்ற பிரிவை வைத்துக்கொண்டு, உடையவன் அறியாதவன் என்ற பழியை நீக்குவதே குடியரசின் வேலை. அந்த வேலைக்கு உதவும் உவமை கிரேக்கத்தில் ஒரு கலமாகவும் தமிழில் ஒரு சாகாடாகவும் ஏற்கெனவே கிடக்கிறது.

124ஏ பிரிவு இப்போது சட்டநூலில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. குற்றத்தை வரையறுக்கும் பகுதியில் இப்போது அரசாங்கம் என்ற சொல் இல்லை. நாட்டின் இறையாண்மையும் ஒற்றுமையும் ஒருமைப்பாடும் இருக்கின்றன. தமிழில் ‘இறையாண்மை’ என்பது இறையையும் ஆள்வதையும் சேர்த்துக் கட்டிய சொல். மன்னனும் வரியும் கடவுளுமாக இருந்த அதே இறை. அரசமைப்பின் முகப்புரை ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்குகிறது. ஆகவே அந்த இறை இனி எந்த அமைச்சரவையும் அல்ல, எந்த அலுவலகமும் அல்ல. இதழில் எழுதுவோரும் பாடநூல் ஆக்குவோரும் ‘அரசு’ என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும், நிலையானதைச் சொல்கிறோமா, இந்தத் தவணைக்கு வண்டி ஓட்ட வந்தவரைச் சொல்கிறோமா என்று ஒருமுறை நின்று பார்த்து, பின்னதானால் ‘ஆட்சி’ என்றே எழுதுங்கள்.